டெலிவர்டு என்று திரை சொன்ன கடிதம்

புதிதாக ஆபீஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஒரு கடிதம் யார் மேஜையில் இருக்கிறது, யார் பார்த்தார்கள், யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் வரிசையாகத் தெரிகிறதாமே! நல்லது. எங்கள் காலத்தில் அந்த வேலையை என் கால்கள்தான் செய்தன. எண்பதுகளில் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஒரு விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் மேஜை மேஜையாகப் போய், "அண்ணே, இங்க வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். அவர் இன்னொரு மேஜையைக் காட்டுவார். அந்த மேஜைக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். இப்படிச் செருப்பைத் தேய்த்தே நான் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் ஆனேன். அறிவுக்குக் கிடைத்த பதவி என்பதை என் மனைவி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

உங்களுக்குச் சொல்ல வந்தது, அந்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை. அதற்கு முன்னால் எங்கள் லேபர் ஆபீசரிடம் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

மில் என்றால் சத்தம், சூடு, பஞ்சுத் தூசி. கோபம் வராமல் இருக்குமா? மாதத்துக்கு ஓர் ஆளாவது, "உங்க வேலையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்று ராஜினாமா எழுதி லேபர் ஆபீசர் மேஜையில் போட்டுவிட்டுப் போவார். அவர் அதை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைப்பார். ஏற்கவும் மாட்டார், திருப்பிக் கொடுக்கவும் மாட்டார். "இருக்கட்டும்" என்பார், அவ்வளவுதான். எழுதியவர் மறுநாள் ஷிப்டுக்கு வந்து நிற்பார். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சில வாரம் கழித்து அந்தக் காகிதம் ஆபீசரின் மூக்குக் கண்ணாடி துடைக்கப் போய்விடும்.

"கிழிச்சுப் போட்டுறலாமே சார்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கிழிச்சா, 'நான் குடுத்த கடுதாசிக்கு மரியாதை இல்லையா'ன்னு இன்னொண்ணு எழுதுவான். ஏத்துக்கிட்டா, 'ஐயோ'ன்னு பொண்டாட்டி பிள்ளையோட வந்து நிப்பான். இருக்கட்டுமே. காகிதம் என்ன சோறா கேக்குது?"

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையிலிருந்து ஒரு பையன் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினான். மில்லில் எழுதப்படும் எந்த விண்ணப்பமானாலும் இனிமேல் அதில் ஏற்றிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் உண்டு. வந்தவுடன் பெண்டிங். மேனேஜர் சம்மதித்தால் அப்ரூவ்டு. உத்தரவு ஆபீஸை விட்டுக் கிளம்பினால் டெஸ்பாட்ச்டு. உரியவர் கையில் சேர்ந்தால் டெலிவர்டு.

லேபர் ஆபீசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதுல 'இருக்கட்டும்'னு ஒண்ணு இல்லையே?" என்றார்.

"அதுதான் சார் பெண்டிங்."

"பெண்டிங் வேற, இருக்கட்டும் வேற தம்பி. பெண்டிங்னா நான் இன்னும் முடிவு பண்ணலை. இருக்கட்டும்னா முடிவு பண்ணிட்டேன், வெளிய சொல்லமாட்டேன்."

பையன் உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தெரிந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொள்வதே அப்போது எனக்கு முழுநேர வேலையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை திறப்புவிழா. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். விசைப்பலகை மேல் ஓர் எலுமிச்சம்பழம். முதலாளி மதுரையிலிருந்து காரில் வருகிறார். அவர் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மேனேஜர் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே பெண்டிங்.

"என்னய்யா இது, நல்ல நாளும் அதுவுமா? கடன்காரன் வீட்டு வாசல் மாதிரி இருக்கு. முதலாளி வந்து முதமுதல்ல இதையா பாக்கணும்? எல்லாத்தையும் அப்ரூவ்டுன்னு மாத்துங்க. அவுக போனதும் பழையபடி ஆக்கிக்கிடலாம்."

நல்ல நாளில் ஆரம்பிப்பது நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். கல்யாண மளிகைக்குப் பட்டியல் போட்டாலும் முதலில் மஞ்சள்தானே எழுதுகிறோம்? அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பையன் பூஜைப் பொரியில் மும்முரமாக இருந்தான். லேபர் ஆபீசர் ஒரு கேஸ் விஷயமாக விருதுநகர் போயிருந்தார். எலுமிச்சம்பழத்தை நகர்த்திவிட்டு நானே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அப்ரூவ்டு ஆக்கினேன். அவ்வளவு விண்ணப்பங்களுக்கு ஒரே மூச்சில் ஒப்புதல் கொடுத்த மனிதன் அந்த மில் சரித்திரத்திலேயே நான் ஒருவன்தான்.

முதலாளி வந்தார், பார்த்தார், மகிழ்ந்தார். ஒரு வரியில் விரலை வைத்து, "ரிங் பிரேம் பிட்டர் ராஜினாமாவா? நல்லதாப் போச்சு. அந்த இடத்துக்கு வேற ஆள் போடாதீக. இருக்கிறவங்களை வச்சு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மேனேஜர் பூரிப்பில் தலையாட்டினார். அவர் எதற்குத் தலையாட்டினார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கும் அது காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை. கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் அறியாத சங்கதி ஒன்று இருந்தது. அன்றன்றைக்கு அப்ரூவ்டு ஆனவற்றுக்கெல்லாம் சாயங்காலம் கம்ப்யூட்டரே உத்தரவு அச்சடித்துவிடும். அச்சடித்தது. மேனேஜர் விழாக் களைப்பில், பிரசாதம் கொடுக்கிற பூசாரியைப் போல, எதையும் பாராமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். டெஸ்பாட்ச் பார்க்கும் சாந்தா உறைகளில் போட்டு, பியூன் மாடசாமியிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் பெண்டிங் ஆக்கலாம் என்று திரையைத் திறந்தேன். கேன்டீனுக்குப் புது கிரைண்டர் சேங்ஷன் ஆகியிருந்தது. கேட் வாட்ச்மேனுக்கு மழைக்கோட்டு சேங்ஷன் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் மழைக்கோட்டு! அவர் அதைக் கேட்டு எழுதியதே விளையாட்டுக்குத்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுபோனது.

செல்வராஜ், ரிங் பிரேம் பிட்டர். ராஜினாமா. டெலிவர்டு.

நூல் நூற்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கிற செல்வராஜுக்குத் திருச்சுழி தாண்டி வீரசோழன் போகிற வழியில் ஒரு கிராமம். தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டிருந்தார். ஸ்பின்னிங் மாஸ்டர் இரண்டு நாள் என்றார். இவர் காகிதத்தை வீசிவிட்டுப் போனார். மறுநாள் வந்து வழக்கம்போல் மெஷினில் நின்றார். லேபர் ஆபீசரும் சமாதானமாகப் பேசி லீவை வாங்கிக் கொடுக்க, செல்வராஜ் ஊருக்குப் போயிருந்தார். காகிதம் மட்டும் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்ற புதுச் சட்டத்தால் அதுவும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டிருந்தது. கல்யாணம் அன்றைக்குத்தான். அந்தத் திங்கட்கிழமையேதான்.

லேபர் ஆபீசர் என் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். அவர் முகம் சுண்டிப்போனது.

"ஏத்துக்கிட்ட உத்தரவு அவன் கையில சேராத வரைக்கும் ராஜினாமாவை அவன் வாபஸ் வாங்கலாம். சேந்துருச்சுன்னா முடிஞ்சது. முதலாளி வேற ஓர் ஆள் குறைஞ்சான்னு சந்தோசமாப் போயிருக்காக. நாம கெஞ்சினாலும் எடுக்கமாட்டாக. தங்கச்சியக் கட்டிக்குடுக்கிற அன்னைக்கு அவனுக்கு வேலையில்லை."

நான் சாந்தாவிடம் ஓடினேன். "அம்மா, செல்வராஜ் கவரு டெலிவர்டுன்னு போட்டிருக்கே, யார் சொன்னா?"

"யார் சொல்லணும் சார்? சனிக்கிழமை மாடசாமி அண்ணன்கிட்டக் குடுத்துட்டேன். இன்னைக்கு அவுகளும் அந்தக் கல்யாணத்துக்குத்தான் போறாக, அப்படியே குடுத்துருவாக."

"குடுத்துருவாக சரி. குடுத்துட்டாகளா?"

"மாடசாமி அண்ணன் எதையாவது குடுக்காம வந்ததுண்டா சார்? அதான் அப்பவே ஏத்திட்டேன். பொழுது போயிருச்சு, பஸ்ஸப் பிடிக்கணும்ல."

பிள்ளைகளே, இந்த இடத்தை மனதில் வையுங்கள். டெலிவர்டு என்ற சொல்லைத் திரையில் பார்க்கும்போது, ஒரு கை நீட்டியது, இன்னொரு கை வாங்கியது என்று நமக்குப் படம் ஓடுகிறது. அங்கே உண்மையில் இருந்தது, மாடசாமி மேல் சாந்தாவுக்கு இருந்த நம்பிக்கையும், சாந்தா பிடிக்க வேண்டிய பஸ்ஸும்தான். திரை பொய் சொல்லாது. தனக்குச் சொன்னதைச் சொல்லும். சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்க வேண்டியது நாம்தான்.

"மாடசாமி இன்னும் குடுத்திருக்கமாட்டான்" என்றேன் லேபர் ஆபீசரிடம்.

"எப்படிச் சொல்றீக?"

"கல்யாண வீட்ல எவனாவது வேலை போன உத்தரவை நீட்டுவானா? நம்ம ஊர்க்காரன் சார். சாப்பாடு முடியட்டும், மக்க மனுசர் கலையட்டும்னு பையில வச்சிருப்பான். மனுசங்களைப் படிக்க எனக்குத் தெரியும்."

கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன் என்று நினைவு.

"குடுத்திருந்தா?"

"குடுத்திருந்தா, சாப்பிட்டுட்டு வாரேன். எனக்கும் பத்திரிகை வச்சிருக்காக."

திருச்சுழி வரை ஒரு பஸ், அங்கிருந்து வீரசோழன் பஸ். வெளியே கரிசல், கருவேல மரம், வறண்ட கண்மாய், மறுபடியும் கருவேல மரம். எல்லா ஸ்டாப்பிலும் பஸ் நின்றது. ஒரு ஸ்டாப்பில் ஆடு ஏற்றினார்கள். "அண்ணே, கொஞ்சம் வெரட்டக் கூடாதா?" என்றேன் டிரைவரிடம். "வெரட்டலாம், இந்த டயரு சம்மதிக்கணுமே" என்றார். சீட்டு நுனியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்துகொண்டே வந்தேன். அப்படிச் சாய்ந்தால் பஸ் வேகமாகப் போகும் என்று யார் சொன்னார்களோ.

சர்ச்சுக்கு முன்னால் பந்தல். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மைக் செட்டு அலறியது. மாடசாமியைத் தேடினேன். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் இல்லை. பந்தலுக்கு நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கறிக்குழம்பு வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் மில் உறை பாதி வெளியே தெரிந்தது. மூலையில் குழம்புச் சொட்டு.

உயிர் வந்தது எனக்கு. அவரை ஓரமாக இழுத்தேன்.

"மாடசாமி, அந்தக் கவரைக் குடுக்கலையா?"

"எங்க சார்? கை ஒழிஞ்சாத்தானே. பஸ்ஸ விட்டு எறங்கினேன், எஸ்தரம்மா வாளியக் குடுத்துட்டாக. கறி முடிஞ்சா ரசம், ரசம் முடிஞ்சா மோரு. நான் விருந்தாளியா, பந்திக்காரனான்னு எனக்கே மறந்துபோச்சு."

எஸ்தர், செல்வராஜின் மனைவி.

"நல்லதாப் போச்சு. கவரை என்கிட்டக் குடு."

மாடசாமி ஓரடி பின்னால் போனார். "அதெப்படி சார்? கவர்ல உங்க பேரா இருக்கு? புத்தகத்துல செல்வராஜ் கையெழுத்து வேணும்ல."

"நான் சூப்பிரண்டெண்ட்யா!"

"சூப்பிரண்டெண்டாவே இருங்க. வேண்டாம்னா சொன்னேன்? ஆனா கவரு அவுகளுக்கு."

இந்த மனிதரைத்தான் சாந்தா அவ்வளவு நம்பினார் என்பது எனக்கு அப்போது முழுமையாகப் புரிந்தது. பிடுங்கலாம். அல்லது புத்தகத்தில் ஏதாவது கோணல்மாணலாகக் கிறுக்கலாம். இரண்டும் நாளைக்கு முதலாளி கேட்டால் நிற்காது. அந்த உறை கொடுக்கப்படவே இல்லை என்பதற்கு உண்மையான ஒரு வரி வேண்டும். யோசித்தேன். செல்வராஜ் அங்கே இலை போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"மாடசாமி, வாங்க வேண்டியவர் வாங்க முடியாத நிலைமையில இருந்தா என்ன எழுதுவே?"

"காரணம் எழுதித் திருப்பிருவேன்."

"செல்வராஜைப் பாரு. வாங்குற நிலைமையிலா இருக்காரு?"

மாடசாமி பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, மஞ்சள் பையிலிருந்து டெலிவரி புத்தகத்தை எடுத்து, குண்டு குண்டாக எழுதினார்: 'பெறுநர் கல்யாணப் பந்தி வேலையில் இருப்பதால் கொடுக்க இயலவில்லை. ஆபீசுக்குத் திருப்பப்பட்டது.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். பிறகு உறையை என்னிடம் நீட்டிவிட்டு ரச வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாதி வேலைதான் முடிந்தது. செல்வராஜ் வாபஸ் எழுதித் தர வேண்டும். உறையை உள்பையில் மறைத்துக்கொண்டு அவரிடம் போனேன். உத்தரவு வந்த விஷயத்தைக் கல்யாணப் பந்தலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வாங்க சார்! சாப்பிட்டீகளா?"

"சாப்பிடறேன். ஒண்ணுமில்லை, அன்னைக்கு ஒரு கடுதாசி குடுத்தீகளே. கம்ப்யூட்டர்ல அது குறுக்க நிக்குது. வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா எடுத்துறலாம்."

அவர் முகம் மாறியது. "அதை இன்னும் வச்சிருக்காகளா? நான் எதுக்கு எழுதணும்? தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு நாள்னு சொன்னாருல்ல மாஸ்டர், அவரு வந்து முதல்ல வருத்தம் சொல்லட்டும்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் செல்வராஜ்."

"அப்பக் கடுதாசியும் அப்புறமே எழுதுறேன். லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கிடலாம். என்ன தலையா போகுது?"

ஆமாம், தலைதான் போகிறது என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். அப்போது எஸ்தர் வந்தார். ஒரு கையில் வெள்ளைத் தாள், இன்னொரு கையில் பேனா. என்னைப் பார்க்கவே இல்லை.

"எழுதிக் குடுங்க."

"நீ என்ன குறுக்க? இது மில்லு விசயம்."

"எழுதிட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளப் போய்க் கவனிங்க. அங்க இலை போட ஆளில்லாம நிக்காக. உங்க ரோசத்தை எழுதிட்டும் வச்சுக்கிடலாம், யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாக."

பக்கத்தில் நின்ற மச்சான் ஒருவர் சிரித்துவிட்டார். செல்வராஜுக்கும் சிரிப்பு வந்தது. பந்தல் காலில் தாளை வைத்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இந்தாங்க. உங்க கம்ப்யூட்டருக்குப் பசியாறட்டும்" என்று என் கையில் திணித்துவிட்டு இலைக்கட்டோடு ஓடினார்.

அன்று நான் சாப்பிட்டதைப் போல அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை. மூன்றாம் முறை சோறு கேட்டபோது மாடசாமியே, "சார், பஸ்ஸுல போகணும்ல" என்றார்.

மறுநாள் மேனேஜர் அறையில் டெலிவரி புத்தகத்தையும் வாபஸ் கடிதத்தையும் வைத்தோம். பந்தி வேலை என்ற வரியை மேனேஜர் இருமுறை படித்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, திறப்புவிழாவுக்காக நாங்கள் செய்த கூத்து முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார். லேபர் ஆபீசரும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில், "சரி, இருந்துட்டுப் போறான். அந்த மழைக்கோட்டையாவது கேன்சல் பண்ணுங்க" என்றாராம் முதலாளி. லேபர் ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் அவ்வளவு பெரிய மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர்தான் கடைசிவரை முரண்டு பிடித்தது. டெலிவர்டு ஆனதைப் பின்னால் நகர்த்த அதற்குத் தெரியாது. மதுரைப் பையன் மறுபடி வந்து, ரிட்டர்ன்டு என்று ஒன்றைச் சேர்த்தான். லேபர் ஆபீசர் விடவில்லை. அவருக்கென்று ஹோல்டு என்று இன்னொன்றையும் சேர்க்க வைத்தார். "எத்தனை நாள் ஹோல்டு சார்? ஒரு கெடு வேணும்" என்றான் பையன். "கோபம் எத்தனை நாள் இருக்கும்னு நீ எனக்குச் சொல்லு, நான் உனக்குக் கெடு சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் மில்லில் என் பெருமையைத்தான் பாடினேன். கேன்டீனில், கேட்டில், பஸ் ஸ்டாப்பில். "மாடசாமி குடுத்திருக்கமாட்டான்னு நான் இங்க உக்காந்தே சொன்னேன். மனுசங்களைப் படிக்கணும்யா!" சாந்தாகூட ஒருமாதிரி நம்பிவிட்டார்.

லீவு முடிந்து செல்வராஜ் வேலைக்கு வந்த அன்று, எஸ்தர் ஒரு தூக்குவாளியோடு ஆபீஸுக்கு வந்தார். கணவர் ஷெட்டுக்குள் போய்விட்டதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"சார், இனிமே ஒண்ணும் பயமில்லையே?"

"என்ன பயம்மா?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"அந்தக் கவருதான். மாடசாமி அண்ணன் பஸ்ஸ விட்டு எறங்கையிலயே பாத்துட்டேன், சட்டைப் பையில நீட்டிக்கிட்டு நின்னுச்சு. இவுக கடுதாசி வீசிட்டு வந்த நாள்ல இருந்து எனக்கு வயித்துல நெருப்புத்தான். 'எங்கம்மா செல்வராஜு, ஒரு கவரு குடுக்கணும்'னு கேட்டுக்கிட்டே வந்தாக. அதான் 'அண்ணே, ஒரு கை பிடிங்க'ன்னு வாளியக் குடுத்துட்டேன். ஒண்ணு முடிய ஒண்ணு. கடைசிப் பந்திவரைக்கும் அவுக கையை ஒழிய விடலை. தாளும் பேனாவும் எடுத்து வச்சுக்கிட்டு, மில்லுல இருந்து நல்ல மனுசர் யாராச்சும் வரமாட்டாகளான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஆக, நான் மாடசாமியைப் படிக்கவே இல்லை. அவரைப் படித்து, செல்வராஜைப் படித்து, என்னையும் படித்து, மூவருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டு ஒருவர் பந்தலில் நின்றிருக்கிறார். மாடசாமி பாட்டுக்குக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார். நான் பஸ்ஸில் முன்னால் சாய்ந்ததுதான் மிச்சம்.

"உங்களுக்கு ஒண்ணும் கொண்டாரலை சார், நீங்கதான் அன்னைக்கு நல்லாச் சாப்பிட்டீகளே" என்று சிரித்தார் எஸ்தர். "பாவம், மாடசாமி அண்ணன்தான் எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியில வெறும் மோருச்சோறு தின்னுட்டுப் போனாக. கறிக்குழம்பு கொண்டாந்திருக்கேன். குடுத்துருவீகளா?"

வாங்கிக்கொண்டேன். வழியில் சாந்தா, "மேஜையில வச்சிருங்க சார், அண்ணன் வந்ததும் நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். வைக்கவில்லை. மில் முழுக்கத் தேடி, குடோனுக்குப் பின்னால் மாடசாமியைக் கண்டுபிடித்தேன். தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சார், இன்னும் நிக்கிறீக? கையெழுத்து வேணுமா?"

"நீ சாப்பிடு" என்றேன்.

அவர் ஒரு வாய் எடுத்து விழுங்கும்வரை அங்கேயே நின்றேன். அதற்கப்புறம்தான் என் மேஜைக்குத் திரும்பினேன்.